பொதுமக்களுக்குச் சேதமெதுவுமில்லை

நீ பொய் சொன்னனி. அதுவும் நான் மிதிச்ச கரண்டிலை நிண்டுகொண்டு சொன்னனி. றேடியோவுக்கு வீட்டிலை பற்றறி இல்லை, கடையிலை பற்றறி இல்லை, ஊரிலையே பற்றறி இல்லை. சைக்கிளை ஸ்ராண்டிலை ஏத்திவைச்சு, டைனமோ சில்லோடை உரச உரச நான் மிதிக்க, வேர்வை கண்ணுக்குள்ளை வழிய வழிய நான் மிதிக்க, நீ எங்கையோ தலைநகரத்திலை ஃபானுக்குக் கீழை இருந்துகொண்டு, தேங்காய் விலை சொல்லுற அதே தொண்டையாலை, ஒரு இழை பிசகாமல் சொன்னனி. இதெல்லாம் பாவிலுப்பிள்ளை மனதுக்குள் சொன்னதுதான். வாயைத் திறந்தால் சவர்க்கார நுரை உள்ளே போய்விடும். நடேசுவின் சலூன் கதிரையில் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கழுத்தை நீட்டிக் கொடுத்து, கண்ணாடிக்கு மேலே பலகைத் தட்டில் குந்தியிருந்த றேடியோவைப் பார்த்தபடி கிடந்தான் அவன். விடியப்புறம் தொடங்கி மீன் சந்தையில் நின்று ஏலம் கூறி விற்றுவிட்டு வந்த களைப்பு உடம்பில். மேலில் சூடை மீன் வாசம். வேறு நாளென்றால் இந்தக் கதிரையில் விழுந்ததும் குறட்டை விடுகிறவன். இன்றைக்குக் கண் மூடவில்லை. பாட்டு முடிந்ததும் மதியச் செய்தி. செய்தி முடிந்ததும் மரண அறிவித்தல். அந்த மரண அறிவித்தல்களுக்கு நடுவே தங்கச்சி பிலோமினாவின் நினைவுநாள் அறிவித்தல் வரவேண்டும். வரும், அதற்குச் சந்தேகமில்லை. ஆனால் அதற்குள் ஒரு வசனம் இருக்கிறது. அந்த ஒரு வசனத்தை வாசிப்பார்களா, மென்று விழுங்கிவிடுவார்களா, அதுதான் இன்றைக்கு.

"அண்ணை, தாடையை ஆட்டாதையுங்கோ. கத்தி கதை கேளாது" என்றான் நடேசு. ஆட்டவில்லையே என்று நினைத்தான் பாவிலு. ஆட்டியிருக்கத்தான் வேண்டும். கோபம் வந்தால் முதலில் தாடை, பிறகு கை, பிறகு வாய். அந்த வாயை வைத்துத்தான் இவ்வளவு தூரம் வந்தது. இடம்பெயர்ந்து போன ஊரில் ஐஸ் உடைத்து, பெட்டி தூக்கி, ஆரோ ஒரு சம்மாட்டியின் படகுக்குக் காவல் கிடந்து, ஒருநாள் கூறுகிறவனுக்குத் தொண்டை கட்டிப்போக, "நான் கூறட்டோ" என்று குவியலுக்கு முன்னால் போய் நின்ற வாய். அண்டையிலிருந்து இண்டைவரை அவன் குரலுக்குக் கரையில் மறுகுரல் கிடையாது. குரலிலேயே சீவிக்கிறவனுக்குக் குரல் தெரியும். ஆளை மறப்பான், முகத்தை மறப்பான், குரலை மறக்கமாட்டான். நாலைந்து மாதத்துக்கு முன்னர், இதே கதிரையில் இதேபோல நுரையோடு கிடந்தபோது, மரண அறிவித்தல் வாசிக்கத் தொடங்கிய குரல் கேட்டு நிமிர்ந்துபோனான். நடேசுவின் கத்தி காதடியில் கீறிவிட்டது. வயதுபோன குரல், கொஞ்சம் கரகரத்த குரல், ஆனால் வசனம் தொடங்க முதல் நாக்கால் மேலண்ணத்தில் ஒரு சின்னத் தட்டு, அது மாறவில்லை. அந்த நாளில் செய்தி வாசித்தவன். இளைப்பாறிப்போய், திரும்பக் கூப்பிட்டிருப்பார்கள் போல, இப்போது செத்தவர்களை வாசிக்கிறான். அன்றைக்கு முழுக்கப் பாவிலுவுக்குச் சோறு இறங்கவில்லை. நீ இன்னும் இருக்கிறியோ, அப்ப இன்னும் ஒண்டும் முடியேல்லை.

பிலோமினாவுக்கு அந்தக் குரலில் ஒரு பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனேதான் நேயர் விருப்பமும் செய்வான். போஸ்ட்காட் வாங்கி, குண்டு குண்டாக எழுதி, பாட்டுக் கேட்டு அனுப்புவாள். பாட்டு ஒரு சாட்டு. பேர் வரவேண்டும், அவ்வளவுதான். "பாலைத்துறையிலிருந்து பிலோமினா யூஜின், பாவிலுப்பிள்ளை யூஜின், அம்மா, அப்பு" என்று அவன் நாக்குத் தட்டிவிட்டு வாசிக்கும்போது, முற்றத்தில் நின்ற கோழிக்கும் கேட்கிற மாதிரி ஒரு கூவல் கூவுவாள். "அண்ணா, வேகமா மிதி, வேகமா மிதி, தேயுது!" மெதுவாக மிதித்தால் குரல் தேய்ந்து கிணற்றுக்குள் போய்விடும். வேகமாக மிதித்தால் குரல் எழும்பி வரும். குரலுக்கு உயிர் கொடுத்தது பாவிலுவின் பின்னங்கால் சதை. ஒருநாள் வேண்டுமென்றே, அவளுடைய பேர் வரப்போகிற நேரம் பார்த்து, காலை நிற்பாட்டினான். அவள் செருப்பைக் கழற்றி எறிந்தாள். செருப்பு றேடியோவில் பட்டு அப்புவின் வெற்றிலைத் தட்டத்தில் விழுந்தது. சிரிப்பு வருகிறது இப்போதும். தாடை ஆடுகிறது. நடேசு கத்தியை எடுத்துவிட்டு, "சிரிச்சு முடியுங்கோ, பேந்து வழிக்கிறன்" என்று ஒரு பக்கமாய் நிற்கிறான்.

பேர் வாசித்த வாயை ஆர்தான் நம்பமாட்டார்கள்? அவள் நம்பினாள். ஊர் நம்பவில்லை. ஊருக்கு அந்த நேரம் செய்தி கேட்கிற விதமே வேறு. இலக்குகள் துல்லியமாகத் தாக்கப்பட்டன என்றால் ஆரோ வீட்டுக் கூரை போய்விட்டது. நிலைமை வழமைக்குத் திரும்பியுள்ளது என்றால் மூட்டை கட்டு. அவன் சொல்வதைத் திருப்பிப் போட்டால் நடந்தது தெரியும் என்று பழகிப்போன சனம். அந்தப் பழக்கத்தில் ஒருநாள் பெரிய கூத்து நடந்தது. மதியச் செய்தியின் கடைசியில், வடக்குக் கரையோரத்தில் பலத்த மழை பெய்யும் என்றான். அப்பு எழும்பி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, "மழை எண்டு சொல்லுறானோ? அப்ப நல்ல வெயில்தான். பாயை விரியுங்கோ" என்றார். அப்பு மட்டுமில்லை, கரை முழுக்க விரித்தது. உப்பில் கிடந்த மீன் முழுக்க, ஒரு வீடு மிச்சமில்லாமல், கருவாட்டுக்குக் காயப்போட்டாயிற்று. பின்னேரம் வானம் பிளந்து ஊற்றியது. ஒரு கிழமை ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்தது. "ஒரே ஒரு நாள் உண்மை சொன்னான், அதிலையும் ஊரை நாறடிச்சுப்போட்டான்" என்று அம்மா திட்டினாள். யோசித்துப் பார்த்தால் அதுவும் அவன் பிழைதான். மழையைச் சொன்னால் மழை என்று நம்புகிற புத்தியையும் எங்களிடமிருந்து பறித்துவிட்டானே. அந்தக் குரலில் ஊர் நம்பியது ஒன்றே ஒன்றைத்தான், மரண அறிவித்தல். செய்தியில் ஒன்றுமே நடக்காத ஊரில், செய்தி முடிந்த கையோடு, ஒரே ஊர், ஒரே திகதி, தாய், மகன், மகனின் பிள்ளை, காலமானார்கள், காலமானார்கள் என்று வரிசையாய் வாசிப்பான். என்ன வருத்தம், எப்படிக் காலமானார்கள், அதெல்லாம் கிடையாது. கேட்கிறவனுக்குத் தெரியும். செய்தி பொய், மரண அறிவித்தல் மெய், ரெண்டுக்கும் ஒரே வாய்.

"அண்ணை, உந்தச் செத்தவீட்டு நியூசுக்கு முதல் மாத்துங்கோவன். மற்றதிலை கிரிக்கெட் மச் போகுது." பின்னால் வாங்கில் இருந்து முறை பார்த்துக்கொண்டிருந்த ஓட்டோக்காரன் டிலக்சன். எழும்பி றேடியோவுக்குக் கையையும் நீட்டிவிட்டான். பாவிலுவுக்கு எப்படி எழும்பினதென்று தெரியவில்லை. நுரை பாதி, வழித்தது பாதி, போர்த்தியிருந்த துணியோடு கதிரையில் நிமிர்ந்து, சந்தையில் கூறுகிற சத்தத்தில், "கையை எடடா!" என்றான். றோட்டில் போன ஒரு மனுசி நின்று பார்த்தாள். டிலக்சன் கையை எடுத்துவிட்டு, "என்ன அண்ணை, ஆரும் சொந்தக்காரரோ?" என்றான், பயந்தவன் மாதிரியும் நக்கல் மாதிரியும்.

"ஓம். என்ரை தங்கச்சி."

"ஐயோ, சொறி அண்ணை. எப்ப?"

"நீ பிறக்க முதல்."

டிலக்சன் நடேசுவைப் பார்த்தான். நடேசு கத்தியைத் தோல்பட்டியில் தீட்டினான். தேவையில்லாமல் தீட்டினான். பாவிலு திரும்பச் சாய்ந்தான். செய்தி தொடங்கியிருந்தது. ஒரு பெண்பிள்ளையின் குரல். இது அவனில்லை, இது புதுப்பிள்ளை. எங்கேயோ தூரத்து நாட்டில் சண்டை என்றாள். இலக்குகள் என்றாள். துல்லியமாக என்றாள். அடக் கடவுளே, அதே சொல், அப்படியே எடுத்து வைத்திருந்து கொடுத்திருக்கிறார்கள். அங்கேயும் ஆரோ ஒருத்தன் இப்போது எதையோ மிதித்துக்கொண்டிருப்பான். அங்கேயும் ஒரு வரிசையில் ஆரோ ஒரு பெட்டை நிற்பாள்.

வரிசை. அதுக்குள் போகாதே என்று தனக்குத்தானே சொன்னான், போனான். சங்கக்கடையில் மண்ணெண்ணெய் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போத்தலோடு போனவள். விளக்குக்கு என்று சொன்னாள். அம்மா நெத்தலி ஆய்ந்துகொண்டிருந்தாள். வெயில், காற்றே இல்லை, நாய் ஒன்று படுத்துக் கிடந்தது, இதெல்லாம் ஏன் நினைவில் நிற்கிறது, அந்த நாய் எழும்பி ஓடின பிறகுதான் சத்தம் கேட்டது, அல்லது சத்தம் கேட்டுத்தான் நாய் ஓடியதோ. தூக்கிக்கொண்டு வந்தது ஆர்? இரண்டு பேர் தூக்கினார்கள், ஒருத்தன் இவன். பாயில் கிடத்தி, அம்மாவின் சேலையால் மூடி, எல்லாரும் கத்திக் களைத்த ஒரு இடைவெளியில் அப்பு சொன்னார், "தம்பி, நியூசுக்கு நேரமாச்சு. மிதி. சொல்லுவான்." செய்தியைத் திருப்பிப்போட்டுக் கேட்கிற அப்பு, மழை என்றால் பாய் விரிக்கிற அப்பு. அவர் அன்றைக்கு நேராய் நம்பினார். அவளின் பேர் வாசித்தவனல்லோ. தெரிந்த பிள்ளையல்லோ. பாவிலு ஏறி மிதித்தான். காலில் இரத்தம் காய்ந்திருந்தது, பெடலில் வழுக்கியது. குரல் கிணற்றிலிருந்து எழும்பி வந்தது. நாக்கால் ஒரு தட்டு. "பாலைத்துறைப் பகுதியில் இனங்காணப்பட்ட இலக்குகள் துல்லியமாகத் தாக்கப்பட்டன. பொதுமக்களுக்குச் சேதமெதுவுமில்லை." அதோடு விளையாட்டுச் செய்தி. அதோடு ஒரு கலியாணப் பாட்டு. அப்பு "காணும், நிப்பாட்டு" என்கிறார், கால் நிற்கமாட்டேன் என்கிறது, அந்தப் பாட்டு முடியும்வரை மிதித்துக்கொண்டேயிருந்தான், தங்கச்சி பாயில், நாதஸ்வரம் றேடியோவில். மற்றப் பக்கத்து றேடியோவும் இருந்தது. காட்டுப் பக்கத்து இயக்க றேடியோ. அது இரவைக்குச் சொன்னது, மக்கள் படுகொலை என்று. சொல்லிவிட்டு அணிவகுப்புப் பாட்டைப் போட்டது. ஒருத்தன் ஆளே இல்லை என்றான், மற்றவன் அவளைச் சாட்சிப் பொருளாய்த் தூக்கிப் பிடித்தான். பேர் ரெண்டு பேருக்கும் தேவைப்படவில்லை. மரண அறிவித்தலாவது கொடுப்பமென்றால் பாதை பூட்டு, தபால் இல்லை. ஊர் நம்பின ஒரே செய்தியிலும் அவள் வரவில்லை.

செய்திப் பிள்ளை காலநிலைக்கு வந்துவிட்டாள். நடேசுவின் கத்தி கழுத்தடியில் மெல்ல ஏறியது. எச்சில் விழுங்கப் பயமாயிருந்தது. அந்த மிஸ் அனுப்பியிருப்பாளோ? பட்டணத்தில் அறிவித்தல் வாங்குகிற இடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கமலேஸ்வரி மிஸ். சும்மா ஆளில்லை. பாவிலு எத்தனையோ வியாபாரியைக் கண்டவன், அப்படியொரு பேரம் கண்டதில்லை. போன உடனே உச்சத்தில் தொடங்கினான். "எழுதுங்கோ மிஸ். இந்த வானொலி பொய் சொல்லி மறைத்த கொலையில் செத்தவள்."

"அண்ணா, உப்பிடி எழுதினா மேலை விடமாட்டினம்."

"மேலை எண்டா ஆர், கடவுளோ?"

"கடவுள் எண்டாக் கதைச்சுப் பாக்கலாம். இது நிகழ்ச்சிப் பொறுப்பாளர். 'அகால மரணமடைந்த' எண்டு போடுவம்."

"பாம்பு கடிச்சாலும் அகாலம், பஸ் அடிச்சாலும் அகாலம். அவளை மண்ணெண்ணெய் வரிசையிலை ஷெல் அடிச்சது."

"துயரச் சம்பவம்?"

"எனக்கு உங்கடை சமாளிப்பு வேண்டாம் பிள்ளை. நான் மீன் விக்கிறவன், நாறினதை நாறினதெண்டு சொல்லாமல் நிண்டால் அடுத்த நாள் கரையிலை நிக்கேலாது."

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவன் அசையவில்லை. பிறகு, பெரிய மனசு பண்ணுகிறவன் மாதிரி, "சரி, கொலை வேண்டாம், எடுங்கோ" என்றான். அவள் எடுத்தாள். கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்து, "மறைத்ததையும் எடுங்கோ" என்றான். அவளுக்கு முகம் தெளிந்தது. கடைசியில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "பொய்யையும் எடுங்கோ, போகட்டும்" என்றான். மிச்சம் நின்றது அவன் பஸ்ஸில் வரும்போதே மனதுக்குள் எழுதிக்கொண்டு வந்த வசனம். அன்றைய மதியச் செய்தியில் பொதுமக்களுக்குச் சேதமெதுவுமில்லை எனக் கூறப்பட்ட எறிகணை வீச்சில் உயிரிழந்தவர். "இதிலை பிழை பிடியுங்கோ பாப்பம். நீங்கள் சொன்னதும் கிடக்கு, நடந்ததும் கிடக்கு. பக்கத்திலை பக்கத்திலை வைச்சிருக்கிறன், வேறை ஒண்டும் செய்யேல்லை." மிஸ் இரண்டுதரம் வாசித்தாள். பேனையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "நீங்கள் இதுக்குத்தான் வந்தனீங்கள், என்ன? கொலையும் பொய்யும் சும்மா ஏத்தி வைச்சது." "ஓம் மிஸ்." சிரிப்பு நின்றுபோய், கண்ணாடிக்குக் கிட்டக் குனிந்து, "என்ரை பெரியம்மாவும் ஒரு வரிசையிலைதான்" என்றாள். "பாண் வரிசை. நான் அனுப்பிறன். ஒரு எழுத்தும் குறையாது. ஆனால் வாசிக்கிறது அவரின்ரை வாய், அதுக்கு நான் பொறுப்பில்லை."

அவரின்ரை வாய். இப்போது மெல்லிய வீணை. மரண அறிவித்தலுக்கு முன்னால் போடுகிற அந்த வீணை. ஆர் வரப்போகிறது, அவனோ, வேறு ஆரோ? வேறு ஆரும் வாசித்தால் பிரயோசனமில்லை, காலமானார் என்று ஓட்டிவிட்டுப் போய்விடுவார்கள், அதைவிட வாசிக்காமலே விட்டால் நல்லது, இல்லை, ஆரென்றாலும் வாசிக்கட்டும், இல்லை. நாக்கால் ஒரு தட்டு. அவன்தான். பாவிலுவின் கால் விரல்கள் செருப்புக்குள் மடங்கின. உடுவிலைப் பிறப்பிடமாகக் கொண்ட ஆரோ. மல்லாகம், கனடாவை வதிவிடமாகக் கொண்ட ஆரோ. ஓய்வுபெற்ற ஆரோ ஒரு புகையிரத நிலைய அதிபர், அவருக்கு எத்தனை மருமக்கள், முடியவே முடியாதோ அந்த மருமக்கள். பிறகு, "பாலைத்துறையைச் சேர்ந்த" என்றான். நின்றான். கடதாசி சரசரத்தது கேட்டது. முதலில் படித்துப் பார்க்காமல் வந்து குந்தியிருக்கிறான் போல. இப்பதான் கண் அடுத்த வரிக்குப் போகிறது. போகட்டும், போகட்டும், ஓடாதை, ஓடினியோ... நடேசுவின் கத்தி அந்தரத்தில் நின்றது. "பிலோமினா யூஜின்." ஞாயிற்றுக்கிழமை வாசிப்பதுபோலவே வாசித்தான். அந்த 'னா'வை அதே மாதிரிக் கொஞ்சம் நீட்டினான். பாவிலுவின் தொண்டைக்குள் ஒரு செருப்புக் கழன்று பறந்தது. "அன்றைய மதியச் செய்தியில்..." திரும்ப நின்றான். இவ்வளவுதான், விழுங்கப்போகிறான், அடுத்தது நினைவுத் திருப்பலி என்று தாவப்போகிறான். தாவவில்லை. செய்தி வாசிக்கிற குரலுமில்லை, செத்தவீட்டுக் குரலுமில்லை, ஒரு கிழவன் தன் வீட்டுக்குள் இருந்து கதைக்கிற குரலில், ஒவ்வொரு சொல்லாய், "பொதுமக்களுக்குச் சேதமெதுவுமில்லை எனக் கூறப்பட்ட எறிகணை வீச்சில் உயிரிழந்தவர்" என்று வாசித்தான். அந்த 'எதுவுமில்லை'யில் குரல் வழுக்கியது. பிடித்து எழும்பி வாசித்தான். "அறியத்தருபவர், அண்ணன் பாவிலுப்பிள்ளை." அதற்குப் பிறகு உடனே அடுத்தது வரவேண்டும். வரவில்லை. சும்மா காற்றுச் சத்தம். ஆரோ தண்ணீர் குடிக்கிற சத்தம். அரச வானொலியில், நாடு முழுக்க, ஒன்றுமே சொல்லாத ஒரு இடைவெளி. அவனுக்குத் தெரியும். அதைச் சொன்னது தன் வாய்தான் என்று அவனுக்கு நினைவிருக்கிறது. இல்லையென்றால் தண்ணீர் என்னத்துக்கு?

"அப்பிடியோ சொன்னவை அண்ணை?" என்றான் டிலக்சன். மச்சை மறந்துபோய், கண்ணாடிக்குள்ளால் பாவிலுவைப் பார்த்துக்கொண்டு நின்றான். "செத்துக் கிடக்கேக்கையோ?" நடேசு துவாய் எடுத்துப் பாவிலுவின் கன்னத்தை ஒற்றினான். சவர்க்காரம் இல்லாத பக்கத்தைத்தான் ஒற்றினான். "அவள் எனக்கும் போஸ்ட்காட்டிலை பேர் போட்டவள் அண்ணை" என்றான். "ஒருக்கா. சலூன் நடேசு எண்டு." பாவிலுவுக்குச் சிரிப்பும் வந்தது, மற்றதும் வந்தது. நெஞ்சு லேசாய்க் கிடந்தது, இவ்வளவு லேசை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. அழுதுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பேரம் பழகின புத்தி உள்ளுக்குள் எழும்பி நின்றது. ஒருக்கால் இறங்கினவன் இன்னும் இறங்குவான், இறங்குகிற நேரத்தில் கையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன் மடையன். வாசிச்சனி, நல்லது. முழுக்க வாசிச்சனி, நீ ஓடேல்லை, அதை நான் மறக்கமாட்டன். ஆனால் அது என்ரை வசனம். அண்ணன் அறியத்தந்தது. நீ அறியத்தரேல்லை இன்னும். செத்தவீட்டு நேரத்திலை, ஒரு குடும்பத்தின்ரை கவலை எண்டு சொல்லி வாசிச்சுப்போட்டுப் போறது காணாது. அவளோடை அந்த வரிசையிலை நிண்ட மிச்சப் பேர் இருக்கினம், மற்ற வரிசையள் இருக்கு, இப்ப அந்தப் பெட்டை வாசிச்ச தூரத்து ஊரிலையும் இருக்கினம். உனக்குத் தொண்டை இருக்கு, இண்டைக்குத்தான் கண்டன். தண்ணியைக் குடிச்சு முடி. கடதாசியை வைச்சிட்டு எழும்பு. செய்தி வாசிக்கிற அறை உனக்குத் தெரியும், அங்கை போ, அந்தப் பிள்ளையைக் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லு. ஆரின்ரை அறிவித்தலும் இல்லாமல், ஆரும் எழுதித் தராமல், செய்தி எண்டு சொல்லித் தொடங்கு. அண்டைக்கு நாங்கள் சொன்னது பிழை எண்டு சொல்லு. சொல்லு, நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறம்.